சின்னத் தீவின் தலைக்கணக்கு

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் கன்னா என்றொரு தீவு இருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே குடியிருந்தவர்கள் 12 பேர். நம் ஊர்க் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையை நிரப்பவும் அந்தக் கூட்டம் போதாது. ஆனாலும் அந்தத் தீவுக்குக் கப்பல் போகிறது, தபால் போகிறது, அரசின் அட்டவணையில் அதற்கென்று தனி வரி ஒதுக்கப்படுகிறது.

ஒரு நகரத்தில் பத்து லட்சம் பேர் என்று படித்தால் அந்த ஊர் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடலாம். 12 பேர் என்று படித்தால் ஒன்றும் பிடிபடுவதில்லை. அந்தப் பன்னிருவரும் எழுபது வயதைத் தாண்டியவர்களா, அல்லது மூன்று இளம் குடும்பங்களா? படகு ஓட்டத் தெரிந்தவர் எத்தனை பேர்? பள்ளிக்குப் போகும் பிள்ளை ஒன்றாவது உண்டா? சின்னத் தீவின் மக்கள்தொகையைப் பொறுத்தவரை எத்தனை பேர் என்பதைவிட யார் யார் என்பதுதான் தீவின் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. ஆனால் அட்டவணையில் அச்சாவது எத்தனை பேர் என்பது மட்டும்தான்.

அந்த எண் எப்படி உருவாகிறது, எதை மறைக்கிறது என்பதைப் பார்க்க ஸ்காட்லாந்தையே எடுத்துக்கொள்கிறேன். அங்கே 790க்கும் மேற்பட்ட தீவுகள் இருக்கின்றன. ஆள் வாழ்பவை நூற்றுக்கும் குறைவு. பிரிட்டனில் 1801 முதல் மக்களை எண்ணிவருகிறார்கள் என்பதால், தழைத்த தீவுக்கும் பட்டுப்போன தீவுக்கும் ஏட்டில் தடயம் இருக்கிறது.

எது தீவு?

நாலு பக்கமும் தண்ணீர் இருந்தால் தீவு. இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். பாலம் போட்டுவிட்டால்? ஸ்கை தீவுக்கு 1995இல் பாலம் திறந்தார்கள். அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்த கப்பல் நின்றுபோனது. பாம்பனில் 1988இல் சாலைப் பாலம் திறந்த பிறகும் ராமேசுவரத்தை நாம் தீவு என்றுதான் சொல்கிறோம். ஸ்காட்லாந்துக்காரர்களும் ஸ்கையை அப்படித்தான் சொல்கிறார்கள், கணக்கெடுப்பிலும் அப்படியே எழுதுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 1994இல் வேறொரு அளவுகோல் வகுத்தது. தீவு என்றால் குறைந்தது ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு வேண்டும், பெருநிலத்திலிருந்து ஒரு கிலோமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும், 50 பேராவது நிலையாகக் குடியிருக்க வேண்டும், பாலம் போன்ற நிலையான இணைப்பு இருக்கக் கூடாது. இவை போதாதென்று ஐந்தாவதாக ஒன்று: அங்கே ஒன்றிய நாடொன்றின் தலைநகரம் இருக்கக் கூடாது! பிரிட்டனையும் அயர்லாந்தையும் பட்டியலிலிருந்து கழற்றிவிட அதிகாரிகள் கண்ட வழி அது. பின்னாளில் சைப்ரசும் மால்டாவும் ஒன்றியத்தில் சேர்ந்தபோது இந்த நிபந்தனை சங்கடமாகிப் போனதில் வியப்பில்லை. இந்த அளவுகோலின்படி பாலம் இருப்பதால் ஸ்கை தீவாகாது. ஆள் பற்றாததால் கன்னாவும் தீவாகாது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2018இல் கொண்டுவந்த தீவுகள் சட்டம் இதற்கு நேர்மாறு. இயற்கையாக உருவான நிலம், சுற்றிலும் கடல், முழு ஏற்றத்தின்போதும் நீருக்கு மேலே நிற்க வேண்டும், அவ்வளவே. பாலத்தைக் கணக்கில் கொள்ள வேண்டியதில்லை. அதில் ஒரே ஒருவர் நிலையாகக் குடியிருந்தாலும் அது ஆள் வாழும் தீவுதான். ஒரே கடலில் கிடக்கும் ஒரே நிலம், ஒரு அலுவலகத்தின் கணக்கில் தீவாகவும் இன்னொன்றின் கணக்கில் இல்லாததாகவும் ஆவது இப்படித்தான். ஆகவே 'இந்த நாட்டில் இத்தனை தீவுகளில் மக்கள் வாழ்கிறார்கள்' என்று எங்காவது படித்தால், யாருடைய அளவுகோல் என்று கேட்டுவிட்டு மேலே படிப்பது நல்லது.

இதே சட்டத்தில் இன்னொரு சுவையான பிரிவும் உண்டு. ஷெட்லாண்ட் தீவுகள் வடக்கே வெகு தொலைவில் கிடப்பதால், வரைபடம் அச்சிடுவோர் அவற்றைப் பெயர்த்தெடுத்து, ஓரத்தில் ஒரு பெட்டிக்குள் போடுவது வழக்கமாக இருந்தது. அரசு வெளியிடும் வரைபடங்களில் இனி அப்படிச் செய்யக் கூடாது, செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டமே எழுதிவிட்டார்கள். பெட்டிக்குள் கிடப்பவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

யார் குடியிருப்பவர்?

இரண்டாவது சிக்கல் ஆட்களைப் பற்றியது. நமக்குப் பக்கத்தில் உள்ள கச்சத்தீவை நினைத்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு முறை அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்து தங்குகிறார்கள். மற்ற நாட்களில் குடி என்று யாரும் இல்லை. திருவிழா இரவில் தலையை எண்ணினால் ஆயிரக்கணக்கு, வழக்கமாக வசிப்பவர்களை எண்ணினால் சுழியம். இரண்டு விடையும் சரி, கேள்விதான் வேறு.

எண்ணும் நாளில் அங்கே இருப்பவர்களை எல்லாம் எண்ணுவது ஒரு முறை. எங்கே இருந்தாலும் அவரவர் வழக்கமான வசிப்பிடத்தில் சேர்த்து எண்ணுவது இன்னொரு முறை. ஸ்காட்லாந்து இரண்டாவதைப் பின்பற்றுகிறது. சில நாள் வந்து போகிறவர் அல்ல, நெடுநாள் தங்குபவர், தங்கும் எண்ணம் உள்ளவர்தான் அங்கே வசிப்பவராகக் கொள்ளப்படுவார். 2011இல் எண்ணிய நாள் மார்ச் 27. குளிர் முழுதாக விலகாத காலம். கோடையில் விடுதி நடத்தவும் பறவை பார்க்கவும் வருகிறவர்கள் இன்னும் வந்து சேராத நேரம். கோடைக்கு மட்டும் திறக்கும் இரண்டாம் வீடுகள் பூட்டிக் கிடக்கும். அந்த வீடுகளுக்குக் கூரை உண்டு, முகவரி உண்டு, கணக்கில் ஆள் கிடையாது.

மாணவர்கள் விஷயத்தில் ஒரு விதி இருக்கிறது. படிப்புக் காலத்தில் எங்கே தங்குகிறார்களோ அங்கேதான் அவர்களை எண்ண வேண்டும். பெருநிலத்து ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளின் கணக்கை இது பெரும்பாலும் பாதிக்காது. ஃபேர் ஐல் போன்ற தீவில் அப்படி அல்ல. அங்கே தொடக்கப் பள்ளி மட்டும் உண்டு. பதினோரு பன்னிரண்டு வயதில் பிள்ளை பெட்டியைக் கட்டிக்கொண்டு ஷெட்லாண்டின் லெர்விக் நகரத்துக்குப் போய் விடுதியில் தங்கிப் படிக்கிறது. விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறது, வானிலை விட்டால். அம்மாவும் அப்பாவும் தீவில். பிள்ளையின் பெயர் நகரத்துக் கணக்கில். தீவுகளின் வயது வாரிப் பட்டியலில் பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுவதற்கு இந்த விதியும் ஒரு காரணம். அந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டு 'இளைஞர்கள் ஓடிவிட்டார்கள்' என்று எழுதுகிற அவசரக்காரர்கள் உண்டு. ஆனால் முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது. பன்னிரண்டு வயதில் ஊரை விட்டுப் பழகியவர்கள் பதினெட்டில் திரும்பி வருவது எளிதல்ல.

சராசரி எனும் கானல்

2011 கணக்கில் ஸ்காட்லாந்தில் ஆள் வாழும் தீவுகள் 93. அவற்றில் வாழ்ந்தவர்கள் 1,03,702 பேர். நாட்டின் மொத்த மக்களில் ஏறக்குறைய 2 விழுக்காடு. வகுத்துப் பார்த்தால் தீவு ஒன்றுக்குச் சுமார் 1,115 பேர் வருகிறார்கள்.

இந்த 1,115ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. லூயிஸ்–ஹாரிஸ் 21,031, ஷெட்லாண்டின் முதன்மைத் தீவு 18,765, ஆர்க்னியின் முதன்மைத் தீவு 17,162, ஸ்கை 10,008. இந்த நான்கிலேயே மூன்றில் இரண்டு பங்கு மக்கள் அடங்கிவிடுகிறார்கள். மிச்சமுள்ள 36 ஆயிரம் சொச்சம் பேர் 89 தீவுகளில் சிதறிக் கிடக்கிறார்கள். டைரியில் 653, ஜூராவில் 196, எக்கில் 83, ஃபேர் ஐலில் 68, ஃபூலாவில் 38, ரம் தீவில் 22 என்று எண் இறங்கிக்கொண்டே போகிறது.

இன்னொன்று. 2001இல் எல்லாத் தீவுகளிலும் சேர்த்து 99,739 பேர் இருந்தார்கள். பத்தாண்டில் 4 விழுக்காடு கூடியிருக்கிறது. 'தீவுகளுக்கு மக்கள் திரும்புகிறார்கள்' என்று தலைப்பிடலாம்தான். ஆனால் லூயிஸ் முதல் பாரா வரை நீளும் மேற்குத் தீவுகளில் 2011இல் இருந்த 27,684 பேர், 2022 கணக்கெடுப்பில் 26 ஆயிரம் சொச்சமாகக் குறைந்துவிட்டார்கள். கூட்டுத்தொகை சொல்லும் கதை ஒரு தீவுக்காவது பொருந்துமா என்பதைத் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

விழுக்காட்டிலும் இதே வில்லங்கம். இருபது பேர் வாழும் தீவுக்கு ஐந்து பேர் கொண்ட குடும்பம் ஒன்று குடிவந்தால் மக்கள்தொகை 25 விழுக்காடு உயர்ந்துவிடும். ஒரு பெருநகரம் அப்படி வளரப் பல ஆண்டுகள் ஆகும். அதே குடும்பம் போய்விட்டால் ஐந்தில் ஒரு பங்கு சரிவு. கூடவே பள்ளி மூடப்படலாம், ஆசிரியர் வேலை போகலாம், ஆசிரியரின் குடும்பமும் கிளம்பலாம். பெருந்தொகையில் ஒருவர் போனால் இன்னொருவர் வந்து ஈடுகட்டிவிடுவார். சிறுதொகையில் தற்செயலுக்கே அதிகாரம்: ஒரு திருமணம், ஒரு விபத்து, தொடர்ந்து நாலு ஆண் குழந்தைகள். யாரும் தவறு செய்யாமலே, வெறும் அதிர்ஷ்டக் குறைவால் ஒரு தீவு காலியாகக்கூடும்.

போகிற போக்கில் கணக்கெடுப்பாளர்களின் ஒரு சங்கடத்தையும் சொல்லிவிட வேண்டும். 12 பேர் வாழும் இடத்தில் 'மணமுறிவு பெற்றவர்: 1' என்று அச்சிட்டால் அது புள்ளிவிவரம் அல்ல, ஊர்வம்பு. அதனால் மிகச் சிறிய தீவுகளின் விரிவான விவரங்களை அண்டை இடங்களோடு சேர்த்துத்தான் வெளியிடுகிறார்கள். இது தவிர, ஒரு வீட்டின் விவரத்தை அதே அளவுள்ள இன்னொரு வீட்டின் விவரத்தோடு ஓசையின்றி மாற்றிவைக்கும் உத்தியும் 2011இல் கையாளப்பட்டது. மொத்த எண்ணிக்கை மாறாது, ஆளை அடையாளம் காணவும் முடியாது.

எத்தனை பேர் இருந்தால் போதும்?

இந்தக் கேள்விக்கு எல்லாரும் செயின்ட் கில்டாவைத்தான் காட்டுவார்கள். நானும் காட்டுகிறேன், காரணம் அங்கே ஏடு தெளிவாக இருக்கிறது. மேற்குத் தீவுகளையும் தாண்டி 60 கிலோமீட்டருக்கு மேல் அட்லாண்டிக்கில் தனித்துக் கிடக்கும் தீவுக்கூட்டம் அது. அதில் ஹிர்ட்டா என்ற தீவில் மட்டும் குடி இருந்தது. மரமே கிடையாது. செங்குத்துப் பாறைகளில் கயிறு கட்டி இறங்கிக் கடற்பறவைகளையும் முட்டைகளையும் எடுத்து வாழ்ந்தார்கள். 1697இல் அங்கே போய்வந்த ஒரு பயணி சுமார் 180 பேர் என்று குறித்திருக்கிறார். 1727இல் பெரியம்மை வந்து பெரும்பாலோரைக் கொண்டுபோனது. பிறகு வேறு தீவுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். 1851இல் 110 பேர். மறு ஆண்டே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் வழியிலேயே இறந்துபோனார்கள். 19ஆம் நூற்றாண்டில் நெடுங்காலம், பிறந்த குழந்தைகளில் பெரும்பங்கு ஒரு வாரம் பத்து நாளில் ரணஜன்னியில் மடிந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் எழுபது எண்பது பேரோடு தீவு பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. 1921இல்கூட 73 பேர் இருந்தார்கள். முதல் உலகப் போரின்போது கடற்படை வீரர்கள் அங்கே முகாமிட்டிருந்தார்கள். அவர்களோடு கடிதப் போக்குவரத்தும் பொருட்களும் வெளியுலகச் செய்தியும் வந்தன. போர் முடிந்து முகாம் கலைந்த பிறகு இளைஞர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பத்தே ஆண்டில் எண்ணிக்கை பாதியானது.

36 பேர் இருந்தால் வாழ முடியாதா என்று கேட்கலாம். கன்னாவில் 2011இல் 12 பேர் வாழ்ந்தார்களே! வேறுபாடு எங்கே என்றால், ஹிர்ட்டாவில் எல்லா வேலையும் கூட்டு வேலை. படகைக் கரையிலிருந்து தள்ளி, துடுப்புப் போட்டு, அலையில் திரும்ப ஏற்ற உடல்வலு உள்ள ஆண்கள் ஒரு குழுவாக வேண்டும். பாறையில் ஒருவர் இறங்கினால் மேலே கயிற்றைப் பிடிக்க ஆள் வேண்டும். அந்தக் குழுவில் ஓரிருவர் குறைந்தால் படகு இறங்காது. படகு இறங்காவிட்டால் அண்டைத் தீவுகளில் மேயும் ஆடுகளையும் பறவை வேட்டையையும் மறக்க வேண்டியதுதான். முதியவர்களும் கைம்பெண்களும் எத்தனை பேர் மிஞ்சினாலும் அந்த வேலைக்கு ஆள் ஆகாது. மக்கள்தொகை 36 என்று ஏடு சொன்னது. தீவை நடத்தத் தேவையான கைகளை எண்ணினால் அது எப்போதோ கோட்டுக்குக் கீழே போயிருந்தது.

1930 மே மாதம் அவர்களே அரசுக்கு மனு எழுதினார்கள். அடுத்த குளிர்காலத்தை இங்கே கழிக்க முடியாது, எங்களை அழைத்துக்கொள்ளுங்கள் என்பது சாரம். ஆகஸ்ட் 29 அன்று 36 பேரும் கப்பலேறினார்கள். ஆடுகளை முன்னதாகவே ஏற்றிவிட்டிருந்தார்கள். ஆண்களில் சிலருக்கு அரசு கொடுத்த வேலை என்ன தெரியுமா? காட்டிலாகாவில் மரம் வளர்ப்பு. மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு!

தொலைவுதான் தீவைக் கொன்றது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஸ்ட்ரோமா அந்த விளக்கத்தைக் கெடுக்கிறது. அது ஸ்காட்லாந்தின் வடகரையிலிருந்து ஏறக்குறைய மூன்றே கிலோமீட்டர்; கரையில் நின்றால் வீடுகள் கண்ணுக்குத் தெரியும். 1901இல் 375 பேர் வாழ்ந்தார்கள். 1962இல் கடைசிப் பூர்வீகக் குடும்பமும் வெளியேறியது. நடுவில் ஓடும் பென்ட்லாண்ட் நீரிணையின் சுழல் நீரோட்டம் பொல்லாதது என்பது உண்மை. ஆனால் அது 1901இலும் அப்படித்தானே ஓடியது? அக்கரையில் கூலி வேலை, மின்விளக்கு, பெரிய பள்ளி எல்லாம் கண்ணெதிரே இருந்ததுதான் இழுத்தது என்று நினைக்கிறேன். 1950களில் புதுத் துறைமுகம் கட்டிக் கொடுத்தார்கள். கட்டுமானத்தில் கூலி சம்பாதித்த தீவுக்காரர்கள் அந்தப் பணத்தைக் கொண்டே அக்கரையில் குடியேறினார்கள் என்று சொல்வதுண்டு.

ஆர்க்னிக்கும் ஷெட்லாண்டுக்கும் நட்டநடுவில், எந்தப் பக்கமும் கைக்கெட்டாமல் கிடக்கும் ஃபேர் ஐல் பிழைத்துக்கொண்டது. 1950களில் அங்கும் எண்ணிக்கை குறைந்து, காலி செய்துவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. அங்கே 1948இல் ஒரு பறவை ஆய்வகம் தொடங்கியிருந்தார்கள். 1954இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை தீவை வாங்கி, வீடுகளைச் செப்பனிட்டு, வெளியிலிருந்து குடும்பங்களை வரவழைத்தது. 2018இல் காற்றாலையும் சூரியத் தகடும் மின்கலமும் சேர்ந்து முதன்முறையாக நாள் முழுக்க மின்சாரம் கிடைத்தது. அதற்கு முன் இரவில் விளக்கு அணைந்துவிடும். 2019இல் பறவை ஆய்வகம் தீப்பிடித்து எரிந்துபோனது. அதுதான் தீவுக்கு விருந்தினர் வந்து தங்கிய இடம் என்பதால் இழப்பு கட்டடத்தோடு நிற்கவில்லை.

எக் தீவுக்காரர்கள் செய்தது

ஸ்காட்லாந்துத் தீவுகள் பலவற்றில் நெடுங்காலம் நிலம் குடியானவனுக்குச் சொந்தமாக இருந்ததில்லை. முழுத் தீவும் ஒரே முதலாளியின் பெயரில் இருந்தது. அவர் விற்றால் ஆட்களோடு சேர்த்துத் தீவு கைமாறியது. ரம் தீவில் 1826இல் ஆடு மேய்க்க இடம் வேண்டும் என்று சுமார் 300 பேரை மொத்தமாகக் கப்பலேற்றிக் கனடாவுக்கு அனுப்பினார்கள். அந்தத் தீவின் மக்கள்தொகை வீழ்ச்சிக்குப் பிறப்பு இறப்பு விகிதத்தில் விடை தேடினால் கிடைக்காது. பத்திரத்தில் தேட வேண்டும்.

எக் தீவிலும் இதே நிலைமைதான். குத்தகை உறுதி இல்லை. யாரும் துணிந்து வீட்டைச் செப்பனிடவில்லை, தொழில் தொடங்கவில்லை. குடியிருந்தவர்கள் ஏறக்குறைய 65 பேர். அவர்கள் நன்கொடை திரட்டி, உள்ளாட்சியையும் வனவிலங்கு அறக்கட்டளையையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, 15 லட்சம் பவுண்டுக்குத் தீவையே வாங்கிவிட்டார்கள். 1997 ஜூன் 12 அன்று தீவு அவர்கள் கைக்கு வந்தது.

அடுத்து மின்சாரம். அதுவரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. 2008 பிப்ரவரியில் ஓடை நீர், காற்று, வெயில் மூன்றையும் இணைத்துச் சொந்த மின்வலை அமைத்தார்கள். வீட்டுக்கு ஐந்து கிலோவாட், கடைக்கும் தொழிலுக்கும் பத்து. ஒரே நேரத்தில் அதற்கு மேல் இழுத்தால் மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படும். கட்டணம் கட்டினால்தான் மறுபடி வரும். சலவை இயந்திரம் ஓடும்போது அடுப்பையும் வெந்நீர்க் கெண்டியையும் சேர்த்துப் போடலாமா என்று யோசித்துத்தான் போடுகிறார்கள். பணக்காரர் வீட்டுக்கும் அதே ஐந்துதான். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

2011 கணக்கில் எக் 83 ஆனது. பிறகு நூறைத் தாண்டியது. தீவில் பிறந்து வெளியே போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்து வீடு கட்டினார்கள், ஏனென்றால் கட்டுவதற்கு நிலம் கேட்டால் கொடுக்கக்கூடியவர்கள் இப்போது அவர்களுடைய அண்டை வீட்டுக்காரர்கள்.

இதோடு 2021இல் ஸ்காட்லாந்து அரசு அறிவித்த தீவுப் பத்திரத் திட்டத்தை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆள் குறைந்துவரும் தீவுகளில் குடியேறுகிறவர்களுக்கும், அங்கேயே தங்கிவிடுகிறவர்களுக்கும் ஆளுக்கு 50,000 பவுண்டு வரை கொடுப்பது திட்டம். செய்தி உலகெங்கும் பரவியது. தீவுக்காரர்களிடம் கருத்துக் கேட்டபோது அவர்கள் முகம் சுளித்தார்கள். குடியிருக்க வீடு எங்கே, கப்பல் ஒழுங்காக ஓடுகிறதா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள யார் என்பவை அவர்களுடைய கேள்விகள். வீடே இல்லாத இடத்துக்கு ஆளுக்குப் பணம் கொடுத்து அழைத்தால் இருக்கிற சில வீடுகளின் விலைதான் ஏறும். 2022இல் அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.